கட்டைவிரலில் கட்டிய கயிறு

ஆத்மநாதனைப் பற்றி ஊர்த் திருவிழா மலரில் ஒரு பக்கம் எழுதியிருந்தார்கள். அவருடைய கிளாரினெட், அரண்மனை பேண்டு, தோளில் விழுந்த பொன்னாடைகள் எல்லாம் அதில் இருந்தன. வீரய்யா என்ற பெயர் எங்கேயும் இல்லை. கயிற்றைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எழுதத் தெரிந்தவர்கள் இதை எழுத மாட்டார்கள் என்று புரிந்துபோனதால் நானே சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் பழனிச்சாமி. திருவரங்குளத்தில் பெட்ரோமாக்ஸ் விளக்கு வாடகைக்கு விடுகிறவன். கல்யாணம், காதுகுத்து, திருவிழா எதுவானாலும் விளக்கோடு நானும் போயாக வேண்டும். காற்றடிக்க ஆள் வேண்டுமே. விளக்குக்காரனை யாரும் ஒரு பொருட்டாக மதிப்பதில்லை. பந்தலுக்கு முன்னாலும் போகலாம், பின்னாலும் போகலாம். பெரிய வீடுகளின் கொல்லைப்புறத்தை என் அளவுக்குப் பார்த்தவன் இந்தச் சுற்று வட்டாரத்தில் கிடையாது. பார்த்துப் பார்த்துத்தான் எனக்கு மனிதர்கள் மேல் இவ்வளவு வெறுப்பு.

வீரய்யா எங்கள் ஊர்க் கீழத்தெருக்காரர். ஊரில் மூக்கு ஒழுகுகிற பயல்கூட அவரை 'அவன் இவன்' என்றுதான் பேசுவான். நான் அப்படிச் சொல்லப் போவதில்லை. ஒல்லியான ஆள், என் வயதுதான், பேச்சு ரொம்பக் குறைவு. தப்பு என்கிற பறையை அடிப்பது அவருடைய குடும்பத்தின் தலையில் கட்டியிருந்த வேலை. ஊரில் யார் செத்தாலும் அவர் வந்து தெரு முனையில் நிற்க வேண்டும். பாடை நகர்ந்து சுடுகாடு போய்ச் சேரும்வரை அடிக்க வேண்டும். முடிந்ததும் கொஞ்சம் நெல் கிடைக்கும், நிறைய வசவு கிடைக்கும். சாவு வீட்டுக்காரர்களுக்கு யார் மேலாவது எரிந்து விழ வேண்டுமல்லவா, அதற்கும் அவர்தான்.

ஆனால் அந்தத் தப்பை அவர் வைத்திருந்த விதம் வேறு. கன்றுக்குட்டித் தோலை அவரே ஊறவைத்து, அவரே சுரண்டி, வேப்பமர வளையத்தில் புளியங்கொட்டைப் பசை போட்டு ஒட்டுவார். அடிப்பதற்கு முன் நெருப்பில் காட்டிக் காதருகே வைத்துச் சுண்டிப் பார்ப்பார். அவர் மனத்தில் நினைத்திருந்த சத்தம் வரும்வரை சாவு வீடு காத்திருக்கும்.

1948 கோடையில் இந்தக் கதை ஆரம்பித்தது. புதுக்கோட்டை சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. அப்போதெல்லாம் கரியில் ஓடுகிற பஸ்தான். பின்னால் பெரிய உருளை ஒன்று இருக்கும். அதில் அடுப்புக்கரியைப் போட்டு, கிளீனர் ஒரு கைப்பிடியைச் சுற்றிச் சுற்றிக் காற்று ஏற்றுவான். நான் டவுனில் விளக்குக்குக் கண்ணாடி வாங்கிக்கொண்டு அதில் திரும்பி வந்துகொண்டிருந்தேன். முந்திரிக்காட்டுப் பக்கம் வந்ததும் பஸ் படுத்துவிட்டது. எல்லோரும் டிரைவரைத் திட்டிக்கொண்டே இறங்கினோம்.

அந்த பஸ்ஸில் ஆத்மநாதன் இருந்தார். அரண்மனை பேண்டில் கிளாரினெட் ஊதியவர். சமஸ்தானம் போனதும் பேண்டும் போயிற்று. டவுனில் வேலை தேடிப் போய்ச் சும்மா திரும்பி வந்துகொண்டிருந்தார். வேதக்கோயில் திருநாளுக்குப் பிடில் வாசித்துவிட்டு வருகிற செபமாலையும் இருந்தார். தச்சு வேலை செய்கிறவர், யாரையும் எதிர்த்துப் பேசத் தெரியாதவர். வெற்றிலைக் கடை நாகராசுவும் இருந்தார். அவருக்குக் கஞ்சிரா வாசிக்க வரும், வாய் அதைவிட நன்றாக வரும். நாங்கள் புழுதியில் நின்றுகொண்டிருந்தபோது பக்கத்து ஊர்ச் சாவுக்கு அடித்துவிட்டு வீரய்யா நடந்து வந்தார். சாவு வீட்டில் யாரோ நீர்மாலைக் குடத்தைச் சாய்த்துவிட்டதில் தப்பு நனைந்து தொய்ந்திருந்தது. பஸ்ஸின் பின்னால் கரி தகதகவென்று எரிவதைப் பார்த்ததும் நின்றார். கொஞ்சம் காட்டிக்கொள்ளலாமா என்று கிளீனரிடம் கேட்டார். கிளீனர் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டே தலையாட்டினான்.

அந்தக் கைப்பிடி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை கிரீச்சிடும். தோல் காய்ந்ததும் வீரய்யா அந்தக் கிரீச்சுக்கு நடுவில் ஒரு தட்டுத் தட்டினார். பிறகு இரண்டு. கிளீனர் சிரித்துவிட்டு வேகமாகச் சுற்றினான், வீரய்யா விடவில்லை. நாகராசு பையிலிருந்து கஞ்சிராவை எடுத்துத் தண்ணீர் தொட்டுத் தடவினார். செபமாலை வேலியோரம் உட்கார்ந்து பிடிலில் கும்மி மெட்டு ஒன்றைப் பிடித்தார். ஆத்மநாதன் மட்டும் பெட்டியைத் திறக்காமல் நின்றார். ராஜா முன்னால் ஊதியவர் சாவுத் தப்போடு சேர்ந்து ஊதுவதா என்று முகத்தில் எழுதியிருந்தது. கடைசியில் அவருக்கும் கை அரித்திருக்க வேண்டும். கும்மி எப்படியோ நெல்லடிக்கிற பாட்டாக மாறி, ஒப்பாரியில் இறங்கி, அரண்மனை பேண்டின் அணிவகுப்பு மெட்டில் போய் ஏறியது. அது எங்கே போகுமென்று அவர்களுக்கே தெரியாது. ஒருவர் கண்ணை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். யாரைப் பார்க்கிறார்களோ அவர் எடுத்துக்கொள்வார், மற்றவர்கள் அடங்குவார்கள். பஸ் சரியாகி ஹாரன் அடித்தபோது பாதிப் பேர் ஏறவில்லை. நானும் கண்ணாடிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அங்கேயே இருந்துவிட்டேன்.

அதன்பிறகு சந்தை நாள்தோறும் சாயங்காலம் என் கடை வாசலில் கூட ஆரம்பித்தார்கள். நான் ஒரு விளக்கை ஏற்றித் தொங்கவிடுவேன். சந்தைக்கு வந்தவர்கள் மூட்டையை இறக்கிவைத்துவிட்டுக் கேட்பார்கள், காசும் போடுவார்கள். முதலில் கிடைத்த வருமானத்தில் நான்கு பேரும் சேர்ந்து ஒரு ஜமுக்காளம் வாங்கினார்கள். சிவப்பும் நீலமும் பட்டை பட்டையாகப் போட்டது. அதை விரித்த அன்று மூன்று பேர் உட்கார்ந்தார்கள், வீரய்யா நின்றுகொண்டே இருந்தார்.

"ஒக்காரு வீரய்யா. இது நாலு பேரு வாங்குனது. நீ நின்னா நாங்களும் எந்திரிச்சிர்றோம்" என்றார் ஆத்மநாதன்.

வீரய்யா மேல்துண்டால் காலைத் துடைத்துக்கொண்டு அவருக்கு நேரெதிரே உட்கார்ந்தார். அந்த இடம் அவருக்கென்று நிலைத்தது. கிளாரினெட்டும் தப்பும் கண்ணுக்குக் கண் பார்த்துக்கொள்கிற இடம். கூட்டத்தில் இரண்டு பேர் முனகினார்கள். இது கோயில் இல்லை, கடைவாசல், இஷ்டமில்லாதவர்கள் போகலாம் என்று ஆத்மநாதன் முகத்துக்கு நேரே சொன்னார். அன்றைக்கு அந்த மனிதரைக் கும்பிடத் தோன்றியது. அதனால்தான் பின்னால் நடந்ததை என்னால் செரித்துக்கொள்ளவே முடியவில்லை. ஆரம்பத்திலிருந்தே அற்பனாக இருந்தவனை மன்னித்துவிடலாம்.

ஜமுக்காளத்தில் உட்கார்ந்த சில மாதத்தில் வீரய்யா ஊர்ப் பெரியவர்களிடம் போய், இனிமேல் சாவுக்கு அடிக்க மாட்டேன் என்றார். நான் கச்சேரிக்காரன் என்றும் சொன்னார். ஊர் கொதித்தது. கீழத்தெரு ஆட்களுக்கு அறுவடைக்குக் கூப்பிடுவது நின்றது. அப்போதும் ஆத்மநாதன்தான் போய்ப் பேசினார். வீரய்யா தன் குழுவில் வாசிக்கிறவர், தன்னோடு சமமாக உட்காருகிறவர், அவரைப் பிணத்துக்கு முன்னால் நிறுத்தினால் தனக்குத்தான் அவமானம் என்று சொல்லிச் சமாளித்தார். ஊர் முணுமுணுத்துக்கொண்டு விட்டது. வீரய்யாவுக்கும் பாடைக்கும் நடுவில் இருந்ததெல்லாம் அந்த ஜமுக்காளத்தில் ஓர் ஆள் உட்காருகிற இடம்தான். அது அவருக்கும் தெரியும், அவர் மனைவி செவந்திக்கும் தெரியும். ஆத்மநாதனுக்கும் நன்றாகவே தெரியும்.

பிறகு வளர்ந்தார்கள். அப்படி ஒரு வளர்ச்சியை நான் பார்த்ததில்லை. மைக் செட்டும் இசைத்தட்டும் வந்து காதைக் கிழித்துக்கொண்டிருந்த காலம் அது. இவர்கள் மைக்கை ஒதுக்கிவைக்கச் சொல்வார்கள். நார்த்தாமலைத் திருவிழாவில் மலையடிவாரத்தில் உட்கார்ந்து வாசித்தபோது அவ்வளவு கூட்டமும் மூச்சுக் காட்டாமல் கேட்டது. வீரய்யா ஓர் அடி அடித்துவிட்டுக் கையை நிறுத்துவார், பாறை அதைத் திருப்பிக் கொடுக்கும், அந்த எதிரொலிக்குப் பதில் அடிப்பார். செபமாலை கண்ணில் தண்ணீர் வழிய வாசித்ததை நான் பார்த்தேன். 'திருவரங்குளம் நால்வர்' என்று நோட்டீஸ் அடித்தார்கள். மணப்பாறை, கீரனூர், அறந்தாங்கி என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். மாட்டுவண்டியில் போனவர்கள் காரில் போனார்கள். விளக்கோடு நானும் போனேன்.

பெரிய வீடுகள் கூப்பிட ஆரம்பித்ததும் எல்லாம் நாறியது.

டவுனில் ஒரு பெரிய வீட்டு நிச்சயதார்த்தம். காரியஸ்தர் வந்து பேசிவிட்டுக் கிளம்பும்போது, அந்தத் தப்பு மட்டும் பந்தலுக்கு வெளியே இருக்கட்டும் என்றார். ஆளைச் சொல்லவில்லையாம், தோலைத்தான் சொல்கிறாராம். செத்த மாட்டின் தோல் மங்கல காரியத்துக்கு ஆகாதாம். ஆத்மநாதன் தலையைச் சொறிந்துகொண்டு, இந்த ஒரு தடவை மட்டும் என்று வீரய்யாவிடம் சொன்னார். நான் சும்மா இருக்கவில்லை. நாகராசு வைத்திருக்கும் கஞ்சிரா உடும்புத் தோல்தானே, உடும்பு என்ன குளித்து முழுகி விபூதி பூசிக்கொண்டா செத்தது என்று கேட்டேன். கஞ்சிரா கச்சேரி வாத்தியம், உனக்கு ஒன்றும் தெரியாது என்றார் ஆத்மநாதன். நாகராசு அதற்குச் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்துக் காறித் துப்பத் தோன்றியது.

ஒரு தடவை என்பது எல்லாத் தடவையும் ஆயிற்று. முதலில் பந்தலுக்கு வெளியே கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் நிறுத்தினார்கள். பிறகு ஒரு வீட்டில் பெண்கள் உட்காருகிற பக்கம் அதுதான் என்று நடுவில் திரை கட்டினார்கள். கண்ணால் பேசி வாசிக்கிறவர்களுக்கு நடுவில் துணியைத் தொங்கவிட்டால் என்ன ஆகும்? யார் எடுப்பது, எங்கே விடுவது என்று தெரியாமல் முட்டிக்கொண்டார்கள். கிளாரினெட் நின்ற பிறகும் தப்பு ஓடிக்கொண்டிருந்தது. கூட்டம் எழுந்து சாப்பிடப் போய்விட்டது. மானம் போயிற்றே என்று ஆத்மநாதன் வீடு வரும்வரை புலம்பினார். அவருக்குப் போனது அந்த மானம்தான்.

அப்போது நாகராசுவின் மூளையில் உதித்தது அந்தக் கயிறு.

மெல்லிய நூல்கயிறு. ஒரு முனை ஆத்மநாதனுடைய கால் கட்டைவிரலில். திரைக்கு அடியில் ஓடி, மறுமுனை வீரய்யாவின் கட்டைவிரலில். ஒருமுறை இழுத்தால் தப்பு தனியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும், இரண்டுமுறை இழுத்தால் அடங்க வேண்டும். உள்ளே பட்டு உடுத்தி உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது. அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் எங்கிருந்தோ வருகிற இடி மாதிரி ஒரு சத்தம்தான். ஆகா ஆகா என்றார்கள். திரைக்குப் பின்னாலிருந்து வருவதே ஒரு புதுமை என்று வேறு பேசினார்கள். குழுவின் பெயர் முன்னைவிட அதிகமாகப் பரவியது. போட்டோ போட்டு நோட்டீஸ் அடித்தார்கள். மேலே நால்வர் என்று இருக்கும், போட்டோவில் மூன்று பேர் இருப்பார்கள். யாரும் எண்ணிப் பார்த்துக் கேட்டதில்லை.

கச்சேரி முடிந்ததும் நாகராசு கயிற்றைச் சுருட்டுவார். வீரய்யாவின் காலில் இருந்த முனையை மட்டும் செம்புத் தண்ணீரில் அலசிவிட்டுச் சுருட்டுவார். அதை ஆத்மநாதன் பார்த்துக்கொண்டே வெற்றிலை போடுவார். செபமாலை பார்க்காதது மாதிரி வில்லுக்கு ரோசின் தேய்த்துக்கொண்டிருப்பார். பிறகு மூன்று பேரும் உள்ளே போய் நெய் ஒழுகச் சாப்பிட்டுவிட்டு ஏப்பம் விட்டுக்கொண்டு வருவார்கள். வீரய்யாவுக்குக் கொல்லைப்புறத்தில் இலை வரும். எனக்கும் சில வீடுகளில் அங்கேதான் வரும். எனக்கு அந்தச் சோறு இறங்காது, அவர்கள் ஏப்பச் சத்தம்தான் காதில் நிற்கும்.

ஏன் பொறுத்துக்கொண்டார் என்று கேட்கலாம். நானே கேட்டேன். ஊரில் சந்தை நாளன்று அதே ஜமுக்காளத்தில் அவருக்கு இடம் இருந்தது. அதை விட்டால் அடுத்த சாவுக்கு வா என்று ஆள் வந்துவிடும். டவுனில் கட்டுகிற கயிற்றை ஊருக்கு வந்ததும் அவிழ்த்துவிடுகிறார்களே என்றார் வீரய்யா. அதோடு, அந்த மூன்று பேரோடு வாசிக்கிற மாதிரி வேறு யாரோடும் வாசிக்க முடியாது என்றார். செவந்திக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. ஒருநாள் மண்ணெண்ணெய் வாங்க வந்தபோது என்னிடம் கேட்டாள்.

"ஓடுற மாட்டுக்குத்தாண்ணே கால்ல கட்டுப் போடுவாங்க. இவரு எங்கிட்டு ஓடப் போறாருன்னு கட்டியிருக்காங்க?"

நான் ஆத்மநாதனிடம் போய் அதே கேள்வியைக் கேட்டேன். அவருக்கு உறைத்தது. அடுத்து வருகிற கச்சேரியில் வீரய்யாவை உள்ளே உட்காரவைக்கிறேன், இது சத்தியம் என்றார். அடுத்து வந்தது டவுனில் ஓர் அரிசி மில் முதலாளி வீட்டுக் கல்யாணம். அந்த முதலாளி மேடைக்கு மேடை சமத்துவம் பேசுகிறவர். அவரே வீரய்யாவைப் பார்த்து, என் வீட்டில் அந்த வேற்றுமையெல்லாம் கிடையாது என்று சொல்லியிருந்தார். வீரய்யா புது வேட்டி வாங்கினார். பந்தலுக்குள் ஜமுக்காளத்தில் அவர் உட்காருவதைப் பார்க்க வேண்டுமென்று செவந்தி கூடவே பஸ் ஏறி வந்தாள். அது 1961.

சாயங்காலம் நாங்கள் போய் இறங்கியபோது பந்தலின் பின்பக்கம் திரை கட்டியிருந்தது. பச்சைப் பட்டுத் திரை. ஆத்மநாதன் அதைப் பார்த்துவிட்டு உள்ளே ஓடினார். முதலாளி வாசலுக்கு வந்தார். வாயெல்லாம் சிரிப்பு.

"எனக்கு ஒண்ணும் இல்லைங்க. சம்பந்தி வீட்டுல கொஞ்சம் ஒரு மாதிரி. நான் சமாளிச்சுத் திரையாவது பட்டுல போடச் சொன்னேன்."

இந்த நாட்டில் யாருக்கும் ஒன்றும் இல்லை. எல்லாம் சம்பந்தி வீட்டுக்காரர்களுக்குத்தான். அந்தச் சம்பந்தியைக் கேட்டால் அவர் தன் சம்பந்தியைக் காட்டுவார். ஆத்மநாதன் ஒரு வார்த்தை எதிர்த்துச் சொல்லவில்லை. பையிலிருந்து கயிற்றை எடுத்தார். சத்தியம் பண்ணிவிட்டு வருகிற மனிதர் பையில் கயிற்றை எதற்கு எடுத்து வந்தார் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

வீரய்யா கயிற்றின் முனையை வாங்கிக்கொண்டு பின்னால் போனார். செவந்தி தெருவில், வேடிக்கை பார்க்கிறவர்களோடு நின்றாள். திரைக்குப் பின்னால் மாட்டுத் தொழுவம். அங்கே ஒரு கன்றுக்குட்டி கட்டியிருந்தது. கழுத்தில் சாமந்தி மாலை, நெற்றியில் மஞ்சளும் குங்குமமும். நான் விளக்குக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தேன். வீரய்யா விரலில் கயிற்றைக் கட்டிக்கொண்டு முதல் பாட்டுக்கு அடித்தார். நன்றாகவே அடித்தார். உள்ளே கைதட்டல் கூரையைப் பிய்த்தது. செபமாலையின் பிடில் தனியாகப் போய்க்கொண்டிருந்தபோது அவர் மாட்டுக்காரனிடம், கன்றுக்கு எதற்கு மாலை என்று கேட்டார். காலையில் பந்தலுக்குள் கூட்டிக்கொண்டு போய் மணமேடையில் நிறுத்திப் பூஜை பண்ணினார்கள், வாழைப்பழமும் வெல்லமும் ஊட்டினார்கள் என்றான் அவன்.

வீரய்யா ஒரு கையைக் கன்றின் முதுகில் வைத்தார். இன்னொரு கையைத் தப்பின் மேல் வைத்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அண்ணே, ரெண்டும் ஒரே தோலுதானே. நடந்து வந்தா உள்ள விடுறாங்க. நான் தூக்கிட்டு வந்தா விட மாட்டேங்குறாங்க. அப்ப தோலு இல்லண்ணே. நாந்தேன்."

அதை அவர் கோபமாகச் சொல்லவில்லை. இத்தனை வருஷம் தோல், தோல் என்று சொல்லி ஏமாற்றியவர்களை நம்பியிருந்திருக்கிறார். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு நெஞ்சு எரிகிறது.

அவர் குனிந்து விரலிலிருந்து கயிற்றை அவிழ்த்தார். கன்றின் முன்னங்காலில் அதைக் கட்டினார். முளையில் கட்டியிருந்த தும்பை அவிழ்த்துவிட்டார். தப்பைத் தோளில் மாட்டிக்கொண்டு, வாரேண்ணே என்று சொல்லிவிட்டுச் சந்து வழியாகச் செவந்தி நின்ற பக்கம் போனார். நான் விளக்கைத் தூக்கிக்கொண்டு பந்தலுக்குள் ஓடினேன். இதைப் பார்க்காமல் விட எனக்கு மனசில்லை.

ஆத்மநாதன் கண்ணை மூடி ஊதிக்கொண்டிருந்தார். தப்பின் முறை வந்தது. விரலால் ஒருமுறை இழுத்தார். சத்தம் இல்லை. மறுபடி இழுத்தார். இல்லை. மூன்றாவது முறை பலமாக இழுத்ததும் கன்று மிரண்டு துள்ளியது. அவர் கால் விசுக்கென்று திரைப்பக்கம் போனது, கிளாரினெட் கீச்சென்று கத்தியது. காலையில் பழமும் வெல்லமும் தின்ற இடம் கன்றுக்கு மறக்கவில்லை. பச்சைப் பட்டுத் திரையை முட்டித் தள்ளிக்கொண்டு மாலையும் பொட்டுமாக உள்ளே வந்து நின்றது.

முதலாளி வீட்டு மானம் போகப் போகிறது, கயிறு அம்பலமாகப் போகிறது என்று நான் காத்திருந்தேன். ஒரு மண்ணும் நடக்கவில்லை. சம்பந்தி வீட்டுக் கிழவி ஒருத்தி எழுந்து, கோமாதா தானாக நடந்து வந்திருக்கிறாள் என்று கையெடுத்துக் கும்பிட்டாள். அவ்வளவுதான், பந்தலே எழுந்து கும்பிட்டது. முதலாளி ஓடி வந்து கன்றின் நெற்றியில் இன்னும் கொஞ்சம் குங்குமம் வைத்தார். அதன் காலில் இருந்த கயிறு வாத்தியக்காரர் விரலுக்குப் போவதை அத்தனை பேரும் பார்த்தார்கள். ஒருவர்கூட ஏன் என்று கேட்கவில்லை.

கன்று ஜமுக்காளத்தில் ஏறியது. ஆத்மநாதனுக்கு நேரெதிரே இருந்த இடம் காலியாகத்தானே இருந்தது, அங்கே போய் நின்று சாணி போட்டது. செபமாலை துடைக்கப் போனார். கிழவி தடுத்துவிட்டாள். மங்கலம், அதைத் தொடக் கூடாது என்றாள்.

"அது அங்கிட்டே கெடக்கட்டும். நீங்க தள்ளி ஒக்காந்து வாசிங்க" என்றார் முதலாளி.

தள்ளி உட்கார்ந்தார்கள். வீரய்யாவுக்கு இடம் இல்லாத ஜமுக்காளத்தில் சாணிக்கு இடம் விட்டு மூன்று பேரும் நகர்ந்து உட்கார்ந்து, தப்பு இல்லாமல் ஏதோ ஒன்றை வாசித்து முடித்தார்கள். நான் விளக்கை அங்கேயே வைத்துவிட்டு வெளியே வந்து வாந்தி எடுத்தேன். சாணியின் வாடைக்கு இல்லை. சாணி வாடையில் பிறந்து வளர்ந்தவன் நான்.

வீரய்யா வந்தால் ஊரில் சாவுக்குக் கூப்பிட ஆள் தயாராக இருந்தது. ஜமுக்காளம்தான் போய்விட்டதே. அவர் அந்த வாரமே செவந்தியைக் கூட்டிக்கொண்டு நார்த்தாமலைப் பக்கம் கல் உடைக்கப் போய்விட்டார். இங்கே ஒரு தபேலாக்காரனைச் சேர்த்தார்கள். அவன் முறைப்படி கற்றவன், ஒன்றும் தேறவில்லை. சந்தைக்கு வந்தவர்கள் கொஞ்ச நேரம் நின்று கேட்டுவிட்டு மூட்டையைத் தூக்கிக்கொண்டு போனார்கள். பெரிய வீடுகளும் அடுத்த கோடையில் வேறு ஆட்களைப் பிடித்துக்கொண்டன.

ஒருநாள் ஆத்மநாதன் என் கடைக்கு வந்தார். வீரய்யாவைப் பார்க்கப் போக வேண்டும், தனியாகப் போகப் பயமாக இருக்கிறது, கூட வா என்றார். கையில் அந்த ஜமுக்காளம், துவைத்து மடித்தது. என்ன நடக்கிறது என்று பார்க்கத்தான் போனேன்.

வீரய்யா கல்குழியில் ஒரு பாறை நிழலில் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றார். அந்த மரியாதையை அவர் விடவில்லை. ஆத்மநாதன் ஜமுக்காளத்தை அவர் முன்னால் விரித்தார். தானே ஆற்றில் கொண்டுபோய்த் துவைத்ததாகச் சொன்னார். இனிமேல் எந்த வீடானாலும் உள்ளேதான், இல்லையென்றால் கச்சேரியே இல்லை, ஒருதடவை ஒக்காரு வீரய்யா என்று கெஞ்சினார். கண் கலங்கியிருந்தது. வீரய்யா குனிந்து, கன்று நின்ற இடத்தைக் கையால் தடவிப் பார்த்தார்.

"சாணி போட்ட எடத்துல ஒக்காருவேங்க. அதுல எனக்கு அருவருப்பு ஒண்ணும் இல்ல" என்றார். பிறகு ஆத்மநாதன் உட்காருகிற பக்கத்தைக் காட்டினார். "நீங்க ஒக்காந்த எடம்தாங்க எனக்கு ஆகல. எத்தன தடவ தொவச்சாலும் ஆகாது. எடுத்துட்டுப் போயிருங்க."

கஞ்சிச் சட்டியை எடுத்துக்கொண்டு அவர் அந்தப் பக்கம் போய்விட்டார். நாங்கள் பஸ்ஸுக்கு நடந்தோம். பின்னாலிருந்து தப்புச் சத்தம் கேட்டது. கல் உடைக்கிறவர்களின் சுத்தியல்கள் ஒவ்வொன்றாக அதற்குப் பதில் போட ஆரம்பித்தன. ஆத்மநாதன் நின்றுவிட்டார். அவர் விரல்கள் மடித்த ஜமுக்காளத்தின் மேல் தானாக அசைந்துகொண்டிருந்தன. எனக்குக் கொஞ்சமும் பரிதாபம் வரவில்லை. பஸ் வந்துவிட்டது, ஏறுங்கள் என்றேன்.

இறங்கும்போது அவர் ஜமுக்காளத்தை என் கடையில் போட்டுவிட்டுப் போனார். இன்னும் பரணில் கிடக்கிறது. விளக்குத் துடைக்கத் துணி இல்லாத நாளில்கூட நான் அதை எடுப்பதில்லை.